எத்தனை பேருக்கு

அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே
நாற்பத்தேழு சென்டிமீட்டர்.
இருபத்தாறை ரைஸ் குக்கர் எடுத்துக்கொண்டது.
மிச்சம் இருபத்தொன்றை
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு
யீஷூனில் ரயில் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு நாள்.
மற்ற நாட்களில் முதல் பேருந்து என்னுடையது;
நான் தூங்கிவிட்டால் அந்தத் தடத்தில்
விடியவே பன்னிரண்டு நிமிடம் தாமதமாகும்.

சிராங்கூன் சாலைக் கடை, மூன்றாம் மாடி.
விற்பவன் சட்டையில் நிரூபன் என்று இருந்தது.
"எழுநூற்றைம்பது வாட், அக்கா.
மஞ்சள் கிழங்கு, ஐஸ், எதைப் போட்டாலும் தூள்."
நான் தூளாக்க வேண்டியதெல்லாம்
போன வருடமே முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை.
சத்தம் எப்படி என்று கேட்டேன்.

விடிகாலை மூன்றரைக்குச் சட்னி அரைப்பவள் நான்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஹுவீ லிங்.
அவளுடைய ஏழு வாரக் குழந்தை
இப்போதுதான் இரவை இரவென்று
நம்பத் தொடங்கியிருக்கிறது.

வெறும் ஜாடியை ஓட்டிக் காட்டக் கூடாதாம்.
அதற்கென்றே கைப்பையில் வைத்திருந்தேன்:
தேக்காவில் வாங்கிக் கீறிய அரைமூடித் தேங்காய்,
உரித்த சின்ன வெங்காயம் ஆறு.
நிரூபன் மேலாளரைப் பார்த்தான்.
மேலாளர் வெங்காயத்தைப் பார்த்தார்.

முதல் இயந்திரம் தேய்ந்த பிரேக் போலக் கிறீச்சிட்டது.
இரண்டாவது உறுமிக்கொண்டே மேசையில் நடந்தது.
மூன்றாவதுக்கு எட்டுத் தகடுகள்;
ஒன்று கேரட் சீவ, ஒன்று மாவு பிசைய,
மற்ற ஆறும் எதற்கென்று நிரூபனுக்கே தெரியாது.

பக்கத்தில் நின்ற ரொஹாயா என்ற அம்மாள்
கூடையைக் கீழே வைத்து, மூடியை வாங்கி,
ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினார்.
பிளாச்சான் இங்கேதான் போய் ஒளியும் என்றார் மலாயில்.
கழற்றிக் கழுவ வரவில்லையா, வாங்காதே.
வாட் கணக்கை அவர் கேட்கவே இல்லை.

"வீட்ல எத்தனை பேருக்கு, அக்கா?"

பேருந்தில் ஆளெண்ண
ஒரு கண்ணாடிப் பார்வை போதும் எனக்கு.
மேல்தளம் பதினொன்று, நிற்பவர் நான்கு.
இதற்கு நேரமானது.

விட்டுவந்த வீட்டில் இருந்தது பெரிய ஜாடி.
கடைசி மாதங்களில் எனக்கு மட்டும் அரைத்தேன்.
ஒருத்திக்கான தேங்காய் அதில் பிளேடுக்கு எட்டாது.
ஒரே சுற்றில் சிதறிச் சுவரெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.
நிறுத்தி, வழித்து, நடுவில் தள்ளி ஓட்டினால்
மறுபடி சுவர்.
தண்ணீர் ஊற்றித்தான் சமாளித்தேன்;
இட்லி மிதந்தது.
மோட்டார் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.
மோட்டாருக்கு ஒன்றுமில்லை.

"ஒண்ணு" என்றேன்.
ஞாயிறுகளில் வரும் மகளை நினைத்து,
"ஒண்ணரை."

நிரூபன் சிரிக்கவில்லை.
கீழ்த்தட்டில் கையை விட்டு
தூசி படிந்த சின்னப் பெட்டியை இழுத்தான்.
முன்னூறு வாட். அகலம் பதினாறு.
என் உள்ளங்கை எண் வேர்வையில் கலைந்திருந்தது,
ஆனாலும் இடம் இருந்தது.
அது ஓடும்போது மேலாளர்
கைப்பேசியில் குரலை உயர்த்தாமலே பேசினார்;
சத்தத்துக்கு வேறு அளவுகோல் வேண்டாம் எனக்கு.
ரொஹாயா வளையத்தை நெம்பினார். வந்தது.
உத்தரவாதம் இரண்டு வருடம், மோட்டாருக்கு மட்டும்.
அரைத்த தேங்காய் யாருக்கு என்று பேச்சு வந்தது.
மேலாளர் தன் மதியச் சோற்று டப்பாவைத் திறந்தார்.

சனிக்கிழமை, மூன்றரை.
நாலாக மடித்த துண்டின் மேல் அதை உட்காரவைத்தேன்.
மூன்று சின்ன அழுத்தல்.
காதைச் சுவரில் வைத்துக் காத்திருந்தேன்.
யாரும் அழவில்லை.

மூன்றாவது நிறுத்தத்தில்,
கதவு திறந்து ஒருவர் அட்டையைத் தட்டும்போது,
நினைவு வந்தது:
உப்பு போடவில்லை.